குழாயைக் கழற்றினால் கொலையா? கருணைக்கொலையும் கடைசிக்காலப் பராமரிப்பும்: ஓர் எளிய விளக்கம்

“இனி ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோய்ப் பிரயோசனம் இல்லை. வீட்டை கொண்டுபோய் நோவில்லாமல் வைச்சுப் பாருங்கோ.” வைத்தியர் இப்படிச் சொல்லிவிட்டு நகர்ந்ததும், வாட்டுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி அநேகமாக இதுதான்: “அப்ப நாங்களே அப்பாவைக் கொல்லுறமோ?”

கொல்லவில்லை. ஏன் என்று விளங்கவேண்டுமானால், ‘கருணைக்கொலை’ என்ற ஒரு சொல்லுக்குள் நாம் திணித்து வைத்திருக்கும் ஐந்து செயல்களை முதலில் வெளியே எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு சொல், ஐந்து செயல்கள்

முதலாவது, நோயாளி தெளிந்த புத்தியோடு தானே கேட்க, வைத்தியர் உயிரைப் போக்கும் மருந்தை ஏற்றுவது. சரியான பொருளில் கருணைக்கொலை இது மட்டும்தான். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002 முதல் சட்டப்படி நடக்கிறது. கனடாவில் 2016 முதல். இரண்டாவது, வைத்தியர் மருந்தை எழுதிக் கொடுக்க, நோயாளி தன் கையாலேயே எடுத்துக் குடிப்பது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 1997 முதல் இதை அனுமதிக்கிறது. சுவிற்சர்லாந்தில், சுயலாபம் கருதாமல் உதவி செய்தவரைச் சட்டம் தண்டிப்பதில்லை.

மூன்றாவது, பயன் தராத சிகிச்சையைத் தொடங்காமல் விடுவது, அல்லது தொடங்கியதை நிறுத்துவது. நான்காவது, ஆயுள் சற்றுக் குறையுமோ என்ற பயம் இருந்தாலும் வலிக்கு வேண்டிய மருந்தைக் கொடுப்பது. ஐந்தாவது, சம்பந்தப்பட்டவர் கேட்காமலே அவரை முடித்துவிடுவது. தமிழ்நாட்டில் விருதுநகர்ப் பக்கம் இதற்குத் தலைக்கூத்தல் என்று பெயர். படுக்கையில் கிடக்கும் முதியவருக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்து முழுகவார்த்து, இளநீரை அளவு மிஞ்சிப் பருக்குவார்கள். கேட்காதவரைக் கொல்வது கொலைதான். கருணை என்ற சொல்லை அதற்கு முன்னால் ஒட்டுவது மோசடி.

இலங்கையில் முதலாவதும் இரண்டாவதும் குற்றம். 1883-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைதான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தற்கொலைக்கு முயல்வது 1998-இல் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தற்கொலைக்கு உடந்தையாயிருப்பது நீக்கப்படவில்லை. நோயாளி கையெழுத்து வைத்துக் கேட்டாலும், பிள்ளைகள் எல்லோரும் சம்மதித்தாலும், வைத்தியர் அந்த ஊசியைப் போட முடியாது. ரொறன்ரோவில் இருக்கும் மகன் “இஞ்சை ஆட்கள் செய்யினம்தானே” என்று தொலைபேசியில் சொல்வது இங்கே எதையும் மாற்றாது. மூன்றாவதும் நான்காவதும் பல நாடுகளில் அன்றாட மருத்துவம். வாட்டு வாசலில் நின்ற பிள்ளைகளிடம் வைத்தியர் சொன்னது அவற்றைத்தான்.

நிறுத்துவதும் கொல்வதும்

மூச்சு இயந்திரத்தைக் கழற்றியதும் ஆள் இறந்துவிட்டால், கழற்றிய கை கொன்ற கை இல்லையா? மருத்துவ அறவியலின் வழக்கமான மறுமொழி, சாவுக்குக் காரணம் எது என்று பார்ப்பது. நுரையீரலைத் தின்ற புற்றுநோய்தான் அவரைக் கொல்கிறது. இயந்திரம் அதைச் சில நாள் மறித்து நின்றது. நல்ல நுரையீரல் உள்ள ஒருவருக்கு அதே இயந்திரத்தைக் கழற்றினால் அவர் எழுந்து வீட்டுக்குப் போவார். இதயத்தை நிறுத்தும் பொட்டாசியம் குளோரைட்டை விரைவாக நரம்பில் ஏற்றினாலோ, நோயாளியும் சுகதேகியும் ஒரே மாதிரி இறப்பார்கள்.

இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. இன்னும் பத்து வருடம் வாழக்கூடிய தாய்க்கு இன்சுலினை நிறுத்திவிட்டு, “நீரிழிவுதான் கொண்டுபோனது, நாங்கள் ஒன்றும் செய்யவில்லை” என்று பிள்ளை சொன்னால் யார் ஏற்பார்கள்? கை சும்மா இருந்தது என்பதனால் மட்டும் மனம் சுத்தமாகிவிடாது. ஆகவே நிறுத்துவதற்கு முன் கேட்கவேண்டியது ஒன்று: இங்கே பாரமாயிருப்பது சிகிச்சையா, ஆளா? சிகிச்சை பலன் தரவில்லை, அல்லது தரும் பலனைவிட அதிக வாதை தருகிறது என்றால் நிறுத்தலாம். ஆளைப் பார்க்க ஆளில்லை, காசில்லை, வீட்டில் கலியாணம் வருகிறது என்பதற்காக நிறுத்தினால், அது தலைக்கூத்தலின் நாகரிகமான வடிவம்.

தொடங்காமல் விடுவதற்கும் தொடங்கியதை நிறுத்துவதற்கும் அறத்தில் வேறுபாடில்லை என்பதே அறவியலாளர் பெரும்பாலோரின் முடிவு. பிள்ளைகளின் மனத்துக்கோ அது மலையும் மடுவும். “போட்டால் பிறகு கழற்ற ஏலாது” என்ற பயத்தில், பலன் கிடைத்திருக்கக்கூடிய சிகிச்சையைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிடுவதுண்டு. இதற்கு ஒரு நடைமுறை வழி, தவணை வைத்த சிகிச்சை. “மூன்று நாளைக்கு இயந்திரத்தில் வைச்சுப் பாப்பம். காய்ச்சல் இறங்கி, ஒட்சிசன் தேவை குறைஞ்சால் தொடருவம். இல்லாட்டிக் கழற்றி, மூச்சு முட்டாமல் மருந்து குடுப்பம்.” நாளும் அளவுகோலும் இரண்டும் முதலிலேயே பேசப்படவேண்டும். இயந்திரம் போட்டபின் பேசத் தொடங்கினால் அநேகமாகச் சண்டையில்தான் முடியும்.

மூளைச்சாவு முற்றிலும் வேறு சங்கதி. இலங்கையின் 1987-ஆம் ஆண்டு 48-ஆம் இலக்க மனித இழைய மாற்றீட்டுச் சட்டம், மூளையின் செயல் மீளமுடியாமல் நின்றுபோவதைச் சாவாக ஏற்கிறது. அந்நிலையில் இயந்திரத்தை நிறுத்துவது ஏற்கெனவே இறந்தவரின் உடலிலிருந்து நிறுத்துவது. உணர்வற்றுக் கிடந்தாலும் தானே மூச்சுவிடும் நோயாளியை இதோடு குழப்பக்கூடாது. மும்பையில் 1973-இல் தாக்கப்பட்ட தாதி அருணா ஷான்பாக் அப்படித்தான் 2015 வரை, ஏறக்குறைய 42 வருடம், உயிரோடிருந்தார். அவருக்கு உணவை நிறுத்தக் கேட்ட மனுவை இந்திய உச்ச நீதிமன்றம் 2011-இல் தள்ளியது. அவரைப் பராமரித்த தாதியர் அவர் வாழவேண்டும் என்றார்கள். ஆனால் அதே தீர்ப்பில்தான் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற கொள்கையை நீதிமன்றம் ஏற்றது. 2018-இல், முன்கூட்டியே எழுதிவைக்கும் விருப்ப ஆவணத்துக்கும் இடம் கொடுத்தது. அது இந்தியச் சட்டம். அங்கத்தைய படிவத்தை இறக்கி இங்கே நிரப்பி வைப்பதால் அதே சட்ட வலு வந்துவிடாது. என்றாலும், “என்னை இயந்திரத்தில் போடவேண்டாம்” என்று ஒருவர் தெளிவாக எழுதிய தாள் வைத்தியருக்கும் பிள்ளைகளுக்கும் அவருடைய மனத்தைக் காட்டும். எழுதி, திகதியிட்டு, கிளினிக் கொப்பிக்குள் வைக்கலாம்.

மோர்பின்: அதிகம் பயப்படுவதும் அதிகம் பிழை விடுவதும் இங்கேதான்

“மோர்பின் தொடங்கினால் ஆள் முடிஞ்சுது.” மோர்பின் கடும் வலியைத் தணிக்கும் மருந்து. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் புற்றுநோய் என்றால் இந்த வசனம் எப்படியோ வந்து சேரும். அதன் விளைவைக் கிட்ட நின்று பாருங்கள்: மருந்துப் போத்தல் அலுமாரியின் மேல்தட்டில் துவாயால் மூடியிருக்கும். கட்டிலில் ஆள் முழங்காலை மடித்துக்கொண்டு முனகுவார். “இப்பவே குடுத்தால் பிறகு வேலை செய்யாது” என்று மகள் காத்திருப்பார்.

மோர்பினுக்கு வலிதணிப்பில் உச்ச அளவு என்று ஒன்றில்லை. வலி கூடினால் அளவும் கூட்டலாம். ஆகவே சேமித்து வைக்கத் தேவையில்லை. வைத்தியர்கள் பொதுவாக முதியவருக்கு 2.5 அல்லது 5 மில்லிகிராமில், வாயால், 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை தொடங்குவார்கள். வலி வரும்வரை பார்த்திருக்காமல் மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுப்பதுதான் முறை. வலி ஏறிய பிறகு அடக்குவதற்கு, ஏறாமல் வைத்திருப்பதைவிடக் கூடிய மருந்து வேண்டும். இடையில் வலி உடைத்துக்கொண்டு வந்தால், ஒரு நாளின் மொத்த அளவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை மேலதிகமாகக் கொடுக்கும்படி எழுதியிருப்பார்கள். 5 மில்லிகிராம் வீதம் ஆறு தடவை, மொத்தம் 30 என்றால், மேலதிக அளவும் 5. எத்தனை தடவை மேலதிகம் தேவைப்பட்டது என்று கொப்பியில் நேரத்தோடு குறித்துவைத்தால், அடுத்த கிளினிக்கில் அளவைக் கூட்டுவதா என்று வைத்தியர் முடிவெடுப்பது இலகு. இவை விளங்கிக்கொள்வதற்கான எண்கள். அளவைத் தீர்மானிப்பவர் வைத்தியர்.

பிழைகள் எங்கே நடக்கின்றன? முதலில் மலச்சிக்கல். மோர்பின் குடலை மந்தமாக்கும். வாந்தியும் நித்திரைத்தூக்கமும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. மோர்பின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்கவேண்டும். அதை விட்டுவிட்டு ஐந்து நாள் வயிறு போகாமல் வலி கூடினால், மோர்பினையல்லவா குற்றம் சொல்வார்கள்! இரண்டாவது, 12 மணித்தியாலத்துக்கென்று செய்த மெதுவாய்க் கரையும் குளிசையை, விழுங்கக் கஷ்டம் என்று இடித்துக் கரைத்து மூக்குக் குழாயால் விடுவது. அரைநாள் மருந்து ஒரேயடியாக இரத்தத்தில் ஏறும். உண்மையில் உயிராபத்து இங்கேதான். மூன்றாவது, சிறுநீரகம் பழுதானவருக்கு அதே அளவைத் தொடர்வது. கழிவு வெளியேறாமல் தேங்கி, கை கால் துடிக்கும், பிதற்றல் வரும். எழுப்ப எழும்பாத நித்திரை, குண்டூசி முனை போல் ஒடுங்கிய கண்மணி, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைந்த மூச்சு: இவை கண்டால் அடுத்த அளவைக் கொடுக்காமல் உடனே வைத்தியரைக் கேட்கவேண்டும். (சாவுக்கு மிகக் கிட்டிய மணித்தியாலங்களில் மூச்சு தானாகவே குறையும்; அது வேறு.)

இந்த இடத்தில்தான் அறவியலில் ‘இரட்டை விளைவு’ எனப்படும் பழைய கோட்பாடு வருகிறது. 13-ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாஸ் தற்காப்பைப் பற்றிச் சொன்னதிலிருந்து வளர்ந்தது: நல்லதை நாடிச் செய்யும் செயலில் கெட்ட விளைவு ஒன்று கூட வரலாம் என்று தெரிந்திருந்தாலும், அதை நாடாமலும், அந்தக் கெட்டதையே வழியாக வைக்காமலும் இருந்தால் செயல் தகும். 1957-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ், வலிதணிக்கும் மருந்து ஆயுளைக் குறைக்கக்கூடுமென்றாலும் கொடுக்கலாம் என்று வைத்தியர்களுக்குச் சொன்னது இந்த அடிப்படையில். நோக்கத்தை எப்படி அறிவது என்பீர்கள். மறுநாட் காலை நோயாளி வலியில்லாமல் கண்விழித்து “தேத்தண்ணி தா” என்று கேட்டால், மருந்து கொடுத்தவருக்குச் சந்தோஷமா, ஏமாற்றமா? உண்மையில், சிறிது சிறிதாக அளவாய்க் கூட்டிய மோர்பின் ஆயுளைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கோட்பாட்டுக்கே வேலை வருவது குறைவு.

“வினை, அனுபவிச்சுத்தான் தீரவேணும்” என்று சைவத்தின் பெயரால் மருந்தை மறுப்பவர்களும் உண்டு. ஊழ்வினைக் கருத்து, உயிரை இடையில் வெட்டுவதற்கு எதிராக நிற்கும் வலுவான வாதம். வலியைத் தணிப்பதற்கு எதிராக அதை நிறுத்த முடியாது. பல்வலிக்கும் பாம்புக்கடிக்கும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சூலைநோய் பொறுக்காமல் திருவதிகையில் விழுந்து, இதை விலக்கு என்று இறைவனைக் கேட்டுப் பாடியவர்தானே அப்பர்? உண்ணாமல் வடக்கு நோக்கி இருந்து உயிர்விடும் வடக்கிருத்தலை எடுத்துக்கொண்டு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: சங்ககால அரசன் கோப்பெருஞ்சோழன் மானத்துக்காக வடக்கு நோக்கி இருந்தான், நோயினால் அல்ல. அதிலிருந்து வாட்டுக்கட்டிலுக்குப் பாலம் போடுவது கடினம்.

“பட்டினி போட்டுச் சாகவிடுறதோ?”

எல்லாவற்றையும்விட நெஞ்சைக் குத்துவது சாப்பாடு. நமக்கு அன்பென்றால் சோறு. ஆனால் கடைசி நாட்களில் உடல் பசியைக் கைவிடுகிறது. சாப்பிடாததால் அவர் சாகவில்லை, செத்துக்கொண்டிருப்பதால் சாப்பிடவில்லை. வற்புறுத்திப் பருக்கினால் கஞ்சி மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நியூமோனியா வரும்.

“சேலைனாவது ஏத்துங்கோ, தெம்பாயிருக்கும்” என்று கேட்பவர்கள் போத்தலுக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்கவேண்டும். சாதாரண சேலைன் ஒரு லீற்றரில் 9 கிராம் உப்பு, கலோரி சுழியம். ஐந்து சதவீத டெக்ஸ்ரோஸ் ஒரு லீற்றரில் சீனி 50 கிராம். இருநூறு கலோரிகூட வராது. இதயமும் சிறுநீரகமும் தளர்ந்த உடலில் இந்த நீர் எங்கே போகும்? காலில் வீங்கும், நெஞ்சில் சளியாகும், சேடம் இழுப்பதை (சாகுங்காலத்தில் தொண்டையில் சளி கரகரப்பதை) கூட்டும். வாந்தியாலோ வயிற்றோட்டத்தாலோ நீர் வற்றியவருக்கு, இன்னும் வாரக்கணக்கில் நாள் இருப்பவருக்கு, சேலைன் நல்ல மருந்து. கடைசி இரண்டு மூன்று நாளில் அப்படியில்லை.

தாகம் பெரும்பாலும் வாய் உலர்வதால் வருவது. சுத்தமான துணியையோ பஞ்சையோ நனைத்து நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை துடைத்து, உதட்டில் தேங்காயெண்ணெய் பூசினால் போத்தலைவிட ஆறுதல் தரும். விழுங்க முடிகிறவரை தலையை உயர்த்தி, கரண்டி நுனியால் இளநீர். பால் பருக்கும் சடங்குக்கும் இதே கவனம் வேண்டும்: உறவினர் இருபதுபேர் ஆளுக்கொரு கரண்டி ஊற்றினால் புரையேறும். விரலால் உதட்டில் ஒரு துளி தொட்டு வைத்தால் சடங்கும் நடக்கும், மூச்சும் அடைக்காது.

சேடம் இழுக்கும் சத்தம் கேட்பவரைத்தான் கூடுதலாக வருத்தும்; அந்நேரம் நோயாளி அநேகமாக உணர்வில் இல்லை. குழாய் விட்டு ஆழமாக உறிஞ்சினால் புண்ணாகும். ஒருபக்கம் சரித்துப் படுக்கவைத்தால் சத்தம் குறையும். சுரப்பைக் குறைக்கும் ஊசியும் உண்டு. மூச்சு முட்டுபவருக்கு முகத்துக்கு நேரே ஒரு சிறு காற்றாடி, திறந்த யன்னல், குறைந்த அளவு மோர்பின்.

“ஒரு ஊசியைப் போட்டு முடிச்சுவிடுங்கோ”

நோயாளியே இப்படிக் கேட்டால் என்ன செய்வது? உடனே “சும்மா விசர்க்கதை கதைக்காதேங்கோ” என்று வாயை அடைப்பதுதான் வழமை. அவர் அதற்குப்பிறகு கேட்கமாட்டார், சொல்லவும்மாட்டார். அடைக்காமல், எந்த நேரத்தில் இப்படித் தோன்றுகிறது, எது தாங்கமுடியாமல் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் சிலவேளை எதிர்பாராத இடத்திலிருந்து வரும்: சலம் அடைத்து அடிவயிறு வெடிக்கிறது, இரவில் தனியே கிடக்கப் பயம், மருமகள் துடைத்துவிடுவது வெட்கம், காணியை எழுதாமல் விட்டது மனதை அரிக்கிறது. 1967-இல் லண்டனில், சாவை நெருங்கியவர்களைப் பராமரிக்கும் சென் கிறிஸ்ரோபர்ஸ் விடுதியைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ் இதை ‘முழுவலி’ என்றார்: உடல், மனம், உறவு, ஆன்மா நான்கும் சேர்ந்த நோவு. ஒவ்வொன்றாய்க் கழற்றினால் கேள்வி பலரிடம் தணிந்துவிடும். தணியாதவர்களும் இருப்பார்கள். எந்த மருந்துக்கும் அடங்காத வாதை கடைசி நாட்களில் வந்தால், உணர்வைத் தேவையான அளவுக்கு மட்டும் மங்கவைக்கும் மயக்க மருந்து சட்டத்துக்கு உட்பட்ட வழி.

கருணைக்கொலையை ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் வலியைப் பற்றியதே அல்ல. நல்ல பராமரிப்பு எல்லாம் கிடைத்தும், தன் வாழ்வின் முடிவைத் தானே தீர்மானிக்க விரும்பும் தெளிந்த மனிதரை மறிக்க மற்றவருக்கு என்ன உரிமை? இது இலகுவில் தள்ளக்கூடிய கேள்வியன்று. எமது பார்வையில், மோர்பின் போத்தல் அலுமாரியில் ஒளிந்திருக்கும் ஊரில், பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்கத் தனியே கிடக்கும் ஒருவர் “போதும்” என்று சொல்வதை முழுச் சுதந்திரமான தெரிவாக எடுக்க முடியாது. கனடா 2021-இல், சாவு அண்மையில் எதிர்பார்க்கப்படாதவர்களுக்கும் சட்டத்தை விரித்தபோது மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் எதிர்த்ததும் இதே கவலையால்தான்.

யார் தீர்மானிப்பது?

நோயாளிதான். ஆனால் “அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ, தாங்கமாட்டா” என்று பிள்ளைகள் வைத்தியரை மறித்துவிடுவதால் அவருக்கு நோயின் பெயரே தெரியாது. தெரியாதவர் எதைத் தீர்மானிப்பது? முழுவதையும் கொட்டவேண்டுமென்றில்லை. “உங்கடை வருத்தத்தைப் பற்றி எவ்வளவு தெரிய விருப்பம்?” என்று அவரையே கேட்கலாம். “மகனோடை கதையுங்கோ, எனக்கு வேண்டாம்” என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய தீர்மானம்.

பேச முடியாதவராகிவிட்டால், பிள்ளைகளிடம் கேட்கவேண்டியது “உங்களுக்கு என்ன விருப்பம்?” என்பதன்று, “அப்பா இதைப் பார்த்துக்கொண்டு நிண்டால் என்ன சொல்லுவார்?” லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று சிதறிய குடும்பத்தில் ஒருவரைப் பேச்சாளராக வைத்து, வைத்தியர் சொல்வதை எல்லோரும் ஒரே காணொளி அழைப்பில் கேட்பது நல்லது. தூரத்திலிருப்பவர்தான் அநேகமாக “எல்லாம் செய்யுங்கோ” என்பார். கடைசியாகப் பார்த்தபோது அப்பா தோட்டத்தில் நின்றிருப்பார். அவர் மனதில் இன்னும் அந்த அப்பாதான். மகள் விமானமேறி வரும்வரை இயந்திரத்தில் வைத்திருக்கலாமா? வாதையில்லாமல் ஓரிரு நாள் என்றால் வைக்கலாம், அது நோயாளியும் விரும்பியிருக்கக்கூடியது. விசா கிடைக்கும்வரை இரண்டு வாரம் என்றால், உயிரோடிருப்பவரின் உடலைக் காத்திருப்பு அறையாக்குகிறோம். அந்தக் கட்டிலுக்காக இன்னொருவர் வெளியே மூச்சுமுட்டிக் காத்திருக்கவும்கூடும்.

வீட்டில் இறப்பதென்று முடிவெடுத்தவர்கள்

இது முன்னரைவிட இப்போது இலகு. ஒருகாலத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வடபகுதி நோயாளர் பலர் கொழும்புக்கு அருகே மகரகம வரை போகவேண்டியிருந்தது. தெல்லிப்பழையில், 2011-இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த நிதியில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இருக்கிறது. வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியரிடம் மூன்று விடயம் கேட்டு வாங்குங்கள்: இரவில் வலி கூடினால் எந்த மருந்து எவ்வளவு, வாயால் விழுங்க முடியாமல் போனால் அதற்குப் பதில் என்ன, யாரைத் தொலைபேசியில் அழைப்பது.

பிழை நடப்பது அநேகமாகக் கடைசி மணித்தியாலத்தில். மூச்சு இருபது முப்பது செக்கன் நின்று மறுபடி இழுக்கும். கண்ட பக்கத்து வீட்டுக்காரர் பதறி 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடிப்பார். அம்புலன்ஸில் வருபவர்கள் உயிர்காக்க வருபவர்கள். நெஞ்சை அழுத்துவார்கள், முதிய விலா எலும்பு முறியும், வீட்டில் முடிந்திருக்கவேண்டியது அவசர சிகிச்சைப் பிரிவின் வெளிச்சத்தில் முடியும். மூச்சு இப்படி விட்டு விட்டு வரும், பாதம் குளிரும், முழங்காலில் நீலம் பூக்கும் என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும், இரவுக்குத் துணைக்கு வருபவருக்கும், முன்பே சொல்லிவைக்க வேண்டும். கிளினிக் கொப்பியும் நோயின் பெயர் எழுதிய அட்டையும் கட்டிலருகே இருக்கட்டும். மூச்சு நின்றபின் கிராம அலுவலருக்கும் மரணப் பதிவாளருக்கும் காட்டவேண்டியவை அவைதான்; இல்லாவிட்டால் திடீர் மரண விசாரணை வரை இழுபடக்கூடும். மீதி மோர்பினை எண்ணி, கொடுத்த வைத்தியசாலையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.